அச்சு வீச்சா, அச்சு எல்லையா?

'அச்சு வீச்சை மாற்றுக' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. டேப்லோ, பவர் பிஐ போன்ற, தரவைப் படமாக்கிக் காட்டும் டாஷ்போர்டு மென்பொருள்களில், வரைபடத்தின் அச்சு எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடியவேண்டும் என்று நாமே குறிக்கலாம். தமிழில் பாடம் எடுப்பவர்கள் அதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'ஆக்சிஸ் ரேஞ்ச்', 'ஆக்சிஸ் லிமிட்ஸ்' என இரண்டு பெயரும் புழங்குகின்றன. நம்மவர்கள் கண்ணில் முதலில் பட்டது ரேஞ்ச். அகராதியில் அதற்கு வீச்சு என்று இருந்தது, போட்டாயிற்று.

வேர்க்கதையைச் சட்டென்று முடித்துவிடலாம். அச்சு என்பது வண்டி அச்சுதான். வடமொழி 'அக்ஷ'த்திலிருந்து வந்தது. லத்தீன் 'ஆக்சிஸ்' அதற்கு உறவுமுறை. தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்கவேண்டாம், அது தமிழாகி நெடுங்காலம் ஆகிறது. லிமிட்டின் மூலம் லத்தீன் 'லீமெஸ்': வயல்களுக்கு நடுவே போகும் வரப்பு. வீச்சு, வீசு என்ற வினையிலிருந்து வந்தது. அரிவாள் வீச்சு, வலை வீச்சு, வீச்சு பரோட்டா எல்லாம் அந்தக் குடும்பம்.

வீச்சு நல்ல சொல்தான். ஆனால் புள்ளியியலில் அது ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. பள்ளிப் பாடத்திலேயே வீச்சு என்றால் மிகப்பெரிய மதிப்பிலிருந்து மிகச்சிறியதைக் கழித்து வருவது. ஒரு வகுப்பின் மதிப்பெண்களில் குறைந்தது 31, கூடியது 94 என்று வையுங்கள். வீச்சு 63. இந்த மதிப்பெண்களுக்கு ஹிஸ்டோகிராம் (இத்தனை முதல் இத்தனை வரை எடுத்தவர் எத்தனை பேர் என்று செவ்வகங்களின் உயரத்தால் காட்டும் படம்) போட்டு, கிடை அச்சை 0 முதல் 100 வரை வைக்கிறோம். இப்போது 'அச்சு வீச்சு' எவ்வளவு? 63ஆ, 100ஆ? அதே திரையின் ஓரத்தில் 'வீச்சு: 63' என்று ஒரு பெட்டி இருந்தால் மாணவன் எதை நம்புவான்? ஒன்று தரவிலிருந்து தானாக வருவது. மற்றது நாம் உட்கார்ந்து முடிவு செய்வது. இரண்டுக்கும் ஒரே பெயரா?

சரி, வரம்பு என்று வைக்கலாமே என்பார்கள். வேர் பார்த்தால் அச்சாகப் பொருந்துகிறது; வரம்பும் வரப்பும் ஒன்றுதான். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் இன்றைய வழக்கில் வயது வரம்பு, வருமான வரம்பு என்றால் தாண்டியவர் பட்டியலிலேயே இல்லை. ஹிஸ்டோகிராமில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மேற்படி மதிப்பெண்களைப் பைத்தான் நிரல்மொழியின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப்பில் போடுங்கள். அது தானாகப் பத்துப் பிரிவாக்கும். ஒவ்வொன்றின் அகலம் 6.3. அச்சை மட்டும் 40 முதல் 100 வரை என்று மாற்றினால் பிரிவுகள் அப்படியே இருக்கும். 37.3 முதல் 43.6 வரையுள்ள செவ்வகம் நடுவில் வெட்டுப்பட்டு நிற்கும், அவ்வளவுதான். அதே 40, 100 என்ற எண்களை ஹிஸ்டோகிராம் கட்டளைக்குள்ளேயே 'ரேஞ்ச்' என்று கொடுத்துப் பாருங்கள். 40க்குக் கீழே எடுத்தவர்கள் கணக்கிலிருந்தே போய்விடுவார்கள். பிரிவின் அகலமும் 6 ஆகிவிடும், செவ்வகங்களின் உயரமும் மாறும். ஆர் நிரல்மொழியின் வரைபடத் தொகுப்பான ஜிஜிபிளாட்டில் இதே கூத்து வேறு பெயரில் நடக்கிறது: 'எக்ஸ்லிம்' என்ற கட்டளை, கொடுத்த எண்களுக்கு வெளியே விழும் தரவை நீக்கிவிட்டு, இத்தனை வரிசைகளை நீக்கினேன் என்று ஓர் எச்சரிக்கை தரும், 'கோஆர்ட் கார்ட்டீசியன்' தரவைத் தொடாமல் பார்வையை மட்டும் குறுக்கும். அந்த எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?

ஆக, ஒன்று பார்வையைக் குறுக்குவது, இன்னொன்று ஆளை வெளியேற்றுவது. ஆங்கிலம் இரண்டையும் போட்டுக் குழப்புகிறது என்பதற்காக நாமும் குழப்பவேண்டுமா? தரவை வடிகட்டுவதற்குத் தரவு வரம்பு என்போம். படம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு அச்சு எல்லை. எல்லைக்கு அப்பாலும் ஊர் உண்டு, நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. நுண்கணிதத்தில் எல்லைக்கு வேறு பொருள் இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் மதிப்பெண் படத்தின் நடுவே யாரும் நுண்கணிதம் போடுவதில்லை. வீச்சின் மோதல் அப்படியல்ல, ஒரே திரைக்குள்ளேயே நடப்பது.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. திரையைக் காட்டாமல், ஓர் எக்செல் தாளில் 'ரேஞ்ச்' என்ற ஒற்றைச் சொல்லை அனுப்பித் தமிழாக்கித் தா என்றால் அவர் என்ன செய்வார்? ஆனால் படத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பாடம் எடுப்பவர்களுக்கு இந்தச் சாக்கு செல்லாது. இவர்களில் பாதிப்பேர் ஹிஸ்டோகிராமையே 'பட்டை வரைபடம்' என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிகழ்வுச் செவ்வகம் இருக்கிறது, இலங்கையில் வலையுரு வரையம் இருக்கிறது, எடுத்துக்கொள்ள ஆளில்லை.

அச்சு எல்லையின் எண்களை இடும் பெட்டிகளுக்குக் 'குறைந்தபட்சம்', 'அதிகபட்சம்' என்று பெயரிடுவதிலும் அதே கோளாறுதான். மேலே பார்த்த வகுப்பில் குறைந்தபட்சம் 31, அச்சோ 0இல் தொடங்குகிறது. 'தொடக்கம்', 'முடிவு' என்று எழுதினால் போதும்.