டோயிங் கெப்பாசிட்டி: இழுவைத்திறன் என்று மட்டும் சொன்னால் போதுமா?

ஆஸ்திரேலியாவில் இருக்கும் அக்கா மகன் போன வாரம் கூப்பிட்டான். "மாமா, நம்ம லேண்ட் குரூசர் 300 காருக்கு டோயிங் கெப்பாசிட்டி 3,500 கிலோ. 3,000 கிலோவுல ஒரு கேரவன் பார்த்து வச்சிருக்கேன். 500 கிலோ மிச்சம் இருக்கு, தாராளமா இழுக்கும்ல?"

"இழுக்கும் மாப்பிள்ளை, தாங்குமா?" என்றேன். இழுப்பதற்கும் தாங்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'டோ' என்பது பழைய ஆங்கிலத்தில் இழுத்தலைக் குறித்த வினையிலிருந்து வந்தது. 'டிரெய்லர்' லத்தீன் வழி வந்த சொல். அதன் வேரான 'டிராஹெரே' என்பதற்கும் இழுத்தல்தான் பொருள். டிராக்டரும் அதே வேரில் பிறந்ததுதான். இழுப்பதும் இழுபடுவதும் ஒரே வேர்! தமிழிலும் இந்தக் குழப்பம் உண்டு. 'இழுவை வண்டி' என்றால் இழுக்கிற வண்டியா, இழுபடுகிற வண்டியா? அதனால் டிரெய்லருக்குப் 'பின்வண்டி' என்பதே எனக்குத் தெளிவாகப் படுகிறது. 'கேரவன்' பாரசீகத்தில் வணிகக் கூட்டத்தைக் குறித்த சொல். நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நிற்கும், தானே ஓடும் பெரிய வண்டி. ஆஸ்திரேலியாவில் அது காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீடு. கூண்டு வண்டி பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'கூண்டுப் பின்வண்டி' என்றால் உடனே கண்ணில் தெரியும்.

'கெப்பாசிட்டி' என்பதன் லத்தீன் வேருக்குக் கொள்ளுதல் என்று பொருள். தொட்டிக்குக் கொள்ளளவு சரி. வண்டி இழுப்பதற்குத் திறன்தான் பொருந்தும். ஆக, டோயிங் கெப்பாசிட்டி என்றால் இழுவைத்திறன். மொழிபெயர்ப்பு இத்தோடு முடிந்துவிடும், விஷயம் முடியாது.

சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றிப் போகும் டிராக்டர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆத்தூர் ரோட்டில் ஒரு மேட்டில் என் கண்ணெதிரே நடந்தது: இரண்டு சக்கர டிரெய்லர், கிழங்கு முழுக்க முன்பக்கமே குவிந்திருந்தது. மேடு ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு ஒரு சாண் எழும்பின. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார், சக்கரமும் திரும்புகிறது, டிராக்டர் மட்டும் திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரே வார்த்தையில் சொன்னார்: "முன்பாரம்."

மாட்டுவண்டிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன சொல் இது. பாரம் முன்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், அது முன்பாரம். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும், அது பின்பாரம். பாரம் ஏற்றியதும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்து, இரண்டு மூட்டையை முன்னே பின்னே நகர்த்தி, அப்புறம்தான் மாட்டைப் பூட்டுவார்கள். கார்காரர்கள் 'டங் வெயிட்' என்றும் ஆஸ்திரேலியாவில் 'டோ பால் வெயிட்' என்றும் சொல்வது, அதாவது பின்வண்டி காரின் கொக்கி மேல் அழுத்தும் எடை, அச்சு அசலாக இந்த முன்பாரம்தான். கலைச்சொல் அகராதிக்காகப் புதுச்சொல் எதையும் உருவாக்க வேண்டியதில்லை.

காருக்குப் பின்னால் கட்டும் வண்டியில் முன்பாரம் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் பின்வண்டி வேகத்தில் வாலாட்டி, காரையும் சேர்த்து உருட்டிவிடும். கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரப் பிடிப்பு போய்விடும், அந்த டிராக்டரைப் போல.

இப்போது மாப்பிள்ளையின் கணக்கு. 3,000 கிலோ என்று விற்பனையாளர் சொன்னது காலி எடை. 95 லிட்டர் தொட்டி இரண்டிலும் தண்ணீர் நிரப்பினால் 190 கிலோ. கேஸ், பாத்திரம், படுக்கை, உணவு எல்லாம் சேர்ந்தால் 3,400 கிலோ சுலபமாக வரும். 10 சதவீதம் என்றாலே முன்பாரம் 340 கிலோ. லேண்ட் குரூசருக்கு முன்பார எல்லை 350. சரி, எல்லைக்குள்தான். ஆனால் அந்த 340 கிலோ காரின் முதுகில் உட்காருகிறது. காருக்குள் ஏற்றிய சுமையாகவே அதைக் கணக்கிட வேண்டும். கார் சுமக்கக்கூடியது மொத்தம் ஏறக்குறைய 700 கிலோ. மிச்சம் 360. குடும்பத்தில் நான்கு பேர், ஃபிரிட்ஜ், முன்பக்க பம்பரில் மாட்டும் இரும்புக் கம்பி, டூல்ஸ் என்று போட்டால் அதுவும் தீர்ந்துவிடும். காரும் பின்வண்டியும் சேர்ந்த மொத்த எடைக்கு 6,750 கிலோ என்று தனி எல்லையும் இருக்கிறது. எந்த எல்லை முதலில் முட்டுகிறதோ அதுதான் உண்மையான இழுவைத்திறன்.

இதில் மலை வேறு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குப் பயம். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்று இங்கே டிரைவர்கள் சொல்வது பின்வண்டிக்காரர்களுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். ஆஸ்திரேலியாவில் பின்வண்டி 750 கிலோவைத் தாண்டினால் அதற்கென்று தனி பிரேக் கட்டாயம்.

நம் பக்கத்துத் தகடூரை ஆண்ட அதியமானின் மகனைப் பாடிய ஔவையார், உப்பு வணிகர்களின் வண்டியைக் காட்டுகிறார் (புறநானூறு 102). நுகம் அறியாத இளம் எருதுகள், வண்டி நிறையப் பண்டம், வழியில் பள்ளமோ மேடோ யாருக்குத் தெரியும் என்று வண்டிக்கு அடியில் ஒரு 'சேம அச்சு' (உபரி அச்சு) கட்டிக்கொண்டு போகிறார்கள். இழுப்பவன் வலு, ஏற்றிய பாரம், ஏறி இறங்கும் வழி மூன்றையும் அவர்கள் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள்.

மாப்பிள்ளை நேற்று மறுபடி கூப்பிட்டான். எல்லாம் ஏற்றினாலும் 2,400 கிலோ தாண்டாத வண்டி ஒன்று பார்த்திருக்கிறானாம். "முன்பாரம் 240 வருது மாமா" என்றான்.