தனித்தட்டும் சாத்திய ஜன்னலும்

பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், காசநோய் மருந்து தொடங்கிய மூன்றாம் நாளே மாத்திரை அட்டையோடு திரும்பி வந்தார். "ஒண்ணுக்குச் செவசெவன்னு போவுதுங்க டாக்டரம்மா. இந்த மாத்திரை கிட்னியைத் தின்னுபோடும்னு தறியில எல்லாருஞ் சொல்றாங்க" என்றார். ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம்தான் அது. சிறுநீர் மட்டுமல்ல, வியர்வையும் கண்ணீரும்கூடச் செம்மஞ்சளாக மாறலாம், அதனால் கெடுதல் இல்லை. முதல் நாளே அதைச் சொல்லி அனுப்பாதது என் பிழை. நான் சொல்லாமல் விட்ட இடத்தை வதந்தி நிரப்பிக்கொண்டது.

அவருடைய வீட்டில் மாமியார் ஏற்கெனவே தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து வைத்துவிட்டார். ஆனால் ஐந்து பேர் படுக்கும் அறையின் ஒரே ஜன்னல், கொசுவுக்குப் பயந்து, பொழுது சாய்ந்ததும் சாத்தப்பட்டுவிடும். காசநோய்க் கிருமி தட்டிலோ துணியிலோ தொற்றிப் பரவுவதில்லை. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது காற்றில் கலந்து, காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதந்து, அதைச் சுவாசிப்பவரை அடைகிறது.

காசநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தந்த பெருந்துறை சானடோரியத்தைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் முதியவர்களை இன்றும் பார்க்கிறேன். நல்ல மருந்து இல்லாத காலத்து அச்சம் அது. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டுச் சென்னையில் நடந்த ஆய்வு, 1959இலேயே இரு தரப்பினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாவதையும், வீட்டிலிருந்து மருந்து எடுப்பதால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுவதில்லை என்பதையும் காட்டிவிட்டது.

நூற்பாலைத் தொழிலாளர்களிடம் வேறொரு நம்பிக்கை உண்டு: இருமல் என்றாலே பஞ்சுத் தூசுதான் என்பார்கள். பஞ்சுத் தூசால் வரும் நுரையீரல் நோய் உண்மைதான். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் அடையாளம். அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஆனால் தூசின்மேல் பழியைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருப்பவர், காசநோய் இருந்தால், உடன் தங்கியிருப்பவர்களுக்கு அதைத் தந்துகொண்டேயிருப்பார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் நோய்க்குச் சிகிச்சை பொதுவாக ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின்னர் மூன்று. இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று, பசியெடுத்து, முகம் தெளிந்ததும் மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பற்றித்தான் எனக்குப் பெருங்கவலை, ஏனெனில் மிஞ்சிய கிருமிகள் மருந்துக்குப் பணியாதவையாகத் திரும்பி வரக்கூடும். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி, குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயிலிருந்து காக்கிறதேயன்றி, வளர்ந்தபின் நுரையீரலில் வரும் நோயை முழுமையாகத் தடுப்பதில்லை.

அந்தப் பெண்ணின் வீட்டாரையும் வரவழைத்துப் பரிசோதித்தோம். யாருக்கும் நோய் இல்லை. நான்கு வயது மகனுக்கு மட்டும் தடுப்பு மருந்து தொடங்கினோம். ஜன்னலுக்கு இப்போது கொசுவலை அடித்திருக்கிறார்கள். தட்டு மட்டும் இன்னும் தனியாகத்தான் இருக்கிறதாம்.