கண்ணை மூடச் சொல்வதற்கு முன்னால்

காலை பிரேயர் முடிந்ததும் மைக்கைப் பிடித்துக்கொண்டு "கண்ணை மூடு, மூச்சை இழு, விடு" என்று அதட்டுகிற பள்ளிகள் இப்போது நிறைய. நடுவில் கண்ணைத் திறந்த பையனுக்கு ஒரு குட்டும் விழும். இதற்குப் பெயர் மனஅமைதிப் பயிற்சியாம்! பள்ளி ஆலோசகராக இருக்கும் எனக்கு இதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

மூச்சைக் கவனிப்பது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில், 11 முதல் 13 வயது வரையிலான எட்டாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளை வைத்து 'மிரியட்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. 2022-ல் முடிவு வந்தபோது, மூச்சையும் மனதையும் கவனிக்கச் சொல்லித்தரும் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளின் மனநலம் வழக்கமான பாடம் படித்தவர்களுடையதைவிட மேம்படவில்லை. பெரும்பாலானவர்கள் வீட்டில் செய்து பார்க்கவே இல்லை. பயிற்சி எடுத்த ஆசிரியர்களின் சோர்வு மட்டும் கொஞ்ச காலத்துக்குக் குறைந்தது, எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-ல் கொண்டுவந்த மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தில் தேர்வு கிடையாது என்று வைத்திருந்தார்கள். சில நிமிடம் மூச்சைக் கவனித்துவிட்டு ஒரு கதை, அப்புறம் அதைப் பற்றிப் பிள்ளைகளே பேச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சை விட்டுவிட்டு மூச்சை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன மிச்சம்?

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், முதல் பீரியடிலேயே பக்கத்தில் இருப்பவனைத் தள்ளுவான், நோட்டைக் கிழிப்பான். கேட்டால் "கடுப்பா இருக்கு மிஸ்", அவ்வளவுதான். கடுப்பு உடம்பில் எங்கே இருக்கிறது, நெஞ்சிலா, கையிலா, வயிற்றிலா என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு வயிறு என்றான். காலையில் சாப்பிடாமல் வருகிறான்! 2022-ல் தமிழக அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ம் வகுப்பு வரைதான், இவன் அதைத் தாண்டிவிட்டான், அம்மா விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவார். இவனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து என்ன செய்ய? முதலில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தோம். பசிக்கும் கோபத்துக்கும் வித்தியாசம் பார்க்க அப்புறம்தான் பழகினான்.

கண்ணை மூடியே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். வீட்டில் அடி வாங்குகிற பிள்ளைக்குக் கண்ணை மூடினால் பயம்தான் வரும், அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சேட்டை செய்ததற்குத் தண்டனையாகவும் "போய் மூச்சுப் பயிற்சி செய்" என்று அனுப்பாதீர்கள், பிறகு ஜென்மத்துக்கும் அதைத் தொட மாட்டான். ஐம்பது பிள்ளைகள், பேப்பர் திருத்தம், ஆன்லைன் பதிவு என்று ஆசிரியர்கள் படும் பாடு எனக்கும் தெரியும். அதனால் அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: கத்த வேண்டும் போல் வரும்போது "எனக்குக் கோபம் வருகிறது, ஒரு நிமிடம் இருங்கள்" என்று வகுப்பின் முன்னாலேயே சொல்லிவிட்டு நிற்பது. பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

ஒரு பிள்ளை வாரக்கணக்கில் யாரோடும் பேசாமல் இருந்தாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ, செத்துப்போகணும் என்று விளையாட்டாகச் சொன்னாலோகூட இந்தப் பயிற்சியெல்லாம் வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள், பெற்றோரிடம் பேசி மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது. வீட்டிலேயே அந்தப் பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் பெற்றோரிடம் போகாமல் முதலில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசுங்கள்.