ரேம் வாங்கும் முன் திரையைப் படியுங்கள்

இந்த வாரமும் ஒன்று வந்தது. கோர் 2 டுவோ பெட்டி, உபுண்டு சர்வர் (லினக்ஸ்), கடையின் பில்லிங் டேட்டா மொத்தமும் அதில்தான். "ஆன் பண்ணினா ரெண்டு நிமிஷம் அப்படியே நிக்குது சார்." என்னிடம் வரும் முன்பே ரேம் கூட்டியாயிற்று, எஸ்எஸ்டி மாட்டியாயிற்று. அடுத்து போர்டையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

நெட்வொர்க்குக்காகக் காத்திருப்பதாகத் திரையிலேயே ஓடுகிறது. யாரும் படிக்கவில்லை. பெட்டியில் இரண்டு லேன் போர்ட், ஒன்றில்தான் கேபிள், ஆனால் இரண்டுக்கும் டிஎச்சிபி (நெட்வொர்க்கிடமே ஐபி முகவரியைக் கேட்டு வாங்கும் முறை) போட்டு வைத்திருக்கிறார்கள். கேபிளே இல்லாத போர்ட்டுக்கு ஐபி எங்கிருந்து வரும்? சிஸ்டம்டி (லினக்ஸில் எல்லாவற்றையும் தொடங்கி வைக்கும் புரோகிராம்) 120 விநாடி பார்த்துவிட்டுக் கைவிடுகிறது. நெட்பிளான் என்ற நெட்வொர்க் செட்டிங் கோப்பில் அந்த போர்ட்டுக்குக் கீழே 'ஆப்ஷனல்: ட்ரூ' (இதற்காகக் காத்திருக்க வேண்டாம்) என்று ஒரு வரி சேர்த்தேன். தீர்ந்தது.

பழைய கம்ப்யூட்டர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஐ9 வாங்கினாலும் அதே 120 விநாடி நிற்கும். நிற்கும்போது ஹார்டு டிஸ்க் விளக்கைப் பாருங்கள். மினுக்காமல் கிடந்தால், பெட்டி வேலையே செய்யவில்லை, எதற்காகவோ காத்திருக்கிறது. வேலைப்பளுவால் வரும் தாமதம் நாளுக்கு நாள் மாறும்; டைம் அவுட் (இவ்வளவு நேரம்தான் காத்திருப்பது என்ற கெடு) மாறாது. போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். விண்டோஸ் 7-இல் சரியாக 21 விநாடி என்றால், இல்லாத சர்வரை டிசிபி (கனெக்‌ஷன் போடும் நெட்வொர்க் விதிமுறை) மூன்று முறை (3, 6, 12 விநாடி இடைவெளியில்) கூப்பிட்டு ஓய்ந்திருக்கிறது. லினக்ஸில் அதுவே இரண்டு நிமிஷத்துக்கு மேல் இழுக்கும்.

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கு: "டைம் அவுட்டைக் கூட்டிட்டோம் சார்" என்பது தீர்வாகாது. கனெக்‌ஷன் கிடைக்கும்வரை திரையை உறைய வைக்காதீர்கள். லோக்கல் டேட்டாவில் பில் போட விட்டுவிட்டு, பின்னணியில் முயன்றுகொண்டிருங்கள். 5 விநாடிக்குக் குறைப்பதும் தப்பு. ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் வளையம் உண்டாகாமல் தடுக்கும் ஏற்பாடு) ஓடும் ஸ்விட்ச், போர்ட்டைத் திறக்கவே 30 விநாடி எடுத்துக்கொள்ளும். அங்கே போர்ட்ஃபாஸ்ட் (அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் ஸ்விட்ச் செட்டிங்) போடுங்கள், புரோகிராமைத் தொடவேண்டாம்.

யூடியூப் பார்த்து, நெட்வொர்க்குக்காகக் காத்திருக்க வைக்கும் வெயிட்-ஆன்லைன் சர்வீஸையே முடக்குகிறவர்கள் கவனிக்க: என்எஃப்எஸ் மவுண்ட் (வேறு சர்வரின் ஃபோல்டரை நெட்வொர்க் வழியாக இங்கே இணைப்பது) உள்ள பெட்டியில் அந்த வேலை வேண்டாம். நெட்வொர்க் வரும் முன்பே மவுண்ட் முயன்று தோற்கும், காலையில் ஃபோல்டர் காலியாகத் தெரியும், எனக்குத்தான் போன் வரும்.

ஐபி 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபி பதிலே தரவில்லை என்று அர்த்தம். முதலில் கேபிள், அப்புறம் ஸ்விட்ச், அப்புறம் ரவுட்டர். ஃபார்மட் இந்த வரிசையிலேயே கிடையாது.