தூண்டு நிகழ்வு: கதையைக் கிளப்பிவிடும் சம்பவத்துக்கு ஒரு தமிழ்ச் சொல்

கதை எழுதுவதைப் பற்றிப் பேசும் இடங்களில் 'இன்சைட்டிங் இன்சிடென்ட்' என்ற சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. திரைக்கதைப் பயிலரங்குகளிலும் குறும்படம் எடுப்பவர்களின் பேச்சிலும் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. தமிழில் சொல்ல வரும்போது மட்டும் ஆளுக்கொரு சொல். ஒருவர் 'திருப்புமுனை' என்கிறார், இன்னொருவர் 'முடிச்சு' என்கிறார், வேறொருவர் 'தொடக்கச் சம்பவம்' என்று எழுதுகிறார். மூன்றும் நல்ல சொற்கள்தான், ஆனால் மூன்றும் வேறு பொருளுக்கு உரியவை. 'தூண்டு நிகழ்வு' என்பதே பொருந்தும் சொல் என்று நினைக்கிறேன்.

முதலில் பொருள். முதன்மைப் பாத்திரத்தின் வாழ்க்கை ஒரு போக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நல்ல வாழ்க்கையாக இருக்க வேண்டும் என்பதில்லை. கடனும் சண்டையுமாகவே இருக்கலாம், ஆனால் பழகிப்போன வாழ்க்கை. அதற்குள் ஒன்று நேர்கிறது. நேர்ந்த பிறகு அந்த ஆளால் பழையபடி இருக்க முடியாது. ஏதாவது செய்தாக வேண்டும். சும்மா இருந்தாலும் அதற்கும் ஒரு விளைவு உண்டு. அத்தோடு வாசகர் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. கதையின் உச்சத்தில் கிடைப்பது அந்தக் கேள்விக்கான விடை. இவ்வளவும் சேர்ந்ததுதான் தூண்டு நிகழ்வு. முதல் பக்கத்திலேயே ஒரு வெடிகுண்டு வெடித்தாலும், அதனால் யாருக்கும் எதையும் தீர்மானிக்க வேண்டிய கட்டாயம் வரவில்லை என்றால், அது வாசகரை இழுத்துப் பிடிக்கும் காட்சி. தூண்டு நிகழ்வு ஆகாது.

கம்பராமாயணத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அயோத்தியா காண்டம், மந்தரை சூழ்ச்சிப் படலம். முடிசூட்டு விழாவுக்காக நகரை அலங்கரிக்கிறார்கள், ஊர் தேவருலகம் மாதிரிப் பொலிகிறது. அந்த நேரம் பார்த்து,

"இன்னல்செய் இராவணன் இழைத்த தீமைபோல்
துன்னருங் கொடுமனக் கூனி தோன்றினாள்"

என்கிறார் கம்பர். இராவணன் இன்னும் கதைக்குள் நேரில் வரவே இல்லை. அந்தப்புரத்து வேலைக்காரி ஒருத்தி வந்து நிற்பதற்கு இலங்கை வேந்தன் ஏன் உவமையாக வேண்டும்? கதை எங்கே போய் முடியப்போகிறதோ அந்த இடத்தைக் கம்பர் இங்கேயே தொட்டுக் காட்டிவிடுகிறார். தொடக்கத் தூண்டலையும் கடைசிப் போரையும் ஒரே அடியில் கட்டிப்போடுகிற வேலை இது. தூண்டு நிகழ்வு வாசகரிடம் உச்சக்காட்சிக்கான எதிர்பார்ப்பை விதைக்க வேண்டும் என்று இன்றைய திரைக்கதை ஆசிரியர்கள் பக்கம் பக்கமாக விளக்குகிறார்கள். கம்பருக்கு அதற்கு ஓர் உவமை போதுமாக இருந்தது.

அடுத்து நடப்பது இன்னும் அழகு. சின்ன வயதில் இராமன் விளையாட்டாக வில்லால் அடித்த மண்ணுண்டை தன்மேல் பட்டதை மந்தரை நினைத்துக்கொள்கிறாள். வெறுப்பு அவளிடம் முன்பே கிடந்தது, அலங்கரித்த நகரம் அதைக் கிளறிவிட்டது. கைகேயியிடம் ஓடுகிறாள். கைகேயி உடனே மாறிவிடுவதும் இல்லை. இராமனுக்கு முடிசூட்டு என்று கேட்டதும் மகிழ்ந்து மாலை ஒன்றைப் பரிசாகக் கொடுக்கிறாள். மந்தரை அதே மாலையை வீசி அடித்துத் தரையைக் குழியாக்குகிறாள்: "அம்பொன் மாலையால் குழித்தனள் நிலத்தை." அதற்கப்புறம்தான் வாதம், வசை, கடைசியில் கைகேயியின் மனத்திரிவு. தூண்டலை முதலில் மறுப்பது பாத்திரத்துக்கு இயல்பு. தொன்மக் கதைகளை ஆராய்ந்த ஜோசப் கேம்பல் 1949-இல் வெளியிட்ட நாயகப் பயண ஆய்வில் 'அழைப்பு', 'அழைப்பை மறுத்தல்' என்று இரண்டு படிகளாகப் பிரித்தது ஏறக்குறைய இதைத்தான்.

இங்கே ஒரு கேள்வி வரும். இராமனை வீட்டைவிட்டு முதலில் கூட்டிப் போனவர் விசுவாமித்திரர் அல்லவா, அதுதானே தூண்டு நிகழ்வு? இல்லை. அவர் கிளப்பிய கேள்வி, வேள்வியைக் காப்பானா என்பது. அதற்குப் பால காண்டத்திலேயே விடை கிடைத்துவிடுகிறது. மிதிலையில் மணமும் முடித்து இராமன் ஊர் திரும்புகிறான், வாழ்க்கை மறுபடி நிலைகொள்கிறது. மந்தரை கிளப்பியது அப்படித் தீரவில்லை. காடு, சீதையின் பிரிவு, இலங்கை என்று கடைசிவரை இழுத்துப் போகிறது. எது தூண்டு நிகழ்வு என்று குழப்பம் வந்தால் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்: அது எழுப்பிய கேள்வி எங்கே முடிகிறது?

சரி, சொல் எங்கிருந்து வந்தது? 'இன்சைட்' என்பதற்கு மூலம் இலத்தீனின் 'இன்சிட்டாரே'. விரைந்து இயங்கச் செய்தல், கிளர்த்துதல் என்று பொருள். 'எக்சைட்', 'ரிசைட்' எல்லாம் அதே வேரில் பிறந்த உறவுகள். 'இன்சிடென்ட்' என்பதும் இலத்தீன் வழிதான். மேலே வந்து விழுதல் என்ற வினையிலிருந்து கிளைத்தது. எதிர்பாராமல் வந்து விழுந்து, கிடந்தவனை எழுப்பி ஓடவிடுவது என்று இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளலாம்.

கதைக்கலைச் சொல்லாக இதன் மூதாதை ஜெர்மானிய மொழியில் இருக்கிறது. குஸ்டாவ் ஃப்ரைடாக் என்ற நாடகாசிரியர், நாவலாசிரியர் 1863-இல் நாடக நுட்பம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், பேரழிவு என்ற ஐந்து பகுதிகளைக் கொண்ட கூம்பு வடிவம் அவருடையது. தொடக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையில் நிற்பதை அவர் 'எர்ரேகெண்டெஸ் மொமென்ட்' என்றார். அந்த 'மொமென்ட்' ஜெர்மானியத்தில் கணப்பொழுது என்ற பொருளில் வரவில்லை. செயல்படவைக்கும் காரணக்கூறு, விசை என்ற பொருளில் வருகிறது. அதாவது 'கிளர்த்தும் விசை'. ஷேக்ஸ்பியரின் சீசர் நாடகத்தில் அது எது என்று அவர் சொல்வது நம் மந்தரைக்குப் பக்கத்தில் வருகிறது: காசியஸின் பேச்சால் புரூட்டஸின் உள்ளத்தில் மெல்ல வேரூன்றும், சீசரைக் கொல்லும் எண்ணம். வெளியே பெரிதாக எதுவும் நடக்கவில்லை, ஒருவர் பேசினார், இன்னொருவர் கேட்டார், அவ்வளவுதான். தூண்டு நிகழ்வு என்றால் விபத்தோ கொலையோ கடத்தலோ இருந்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

'இன்சைட்டிங் இன்சிடென்ட்' என்ற இன்றைய வடிவத்தை உலகெங்கும் கொண்டு சேர்த்ததில் திரைக்கதை கற்பிக்கும் ராபர்ட் மெக்கீக்குப் பெரிய பங்கு உண்டு. 1997-இல் வந்த அவருடைய திரைக்கதை நூல், நாயகனின் வாழ்க்கைச் சமநிலையைக் குலைப்பது என்று இதை வரையறுத்தது. கதையின் முதல் கால் பகுதிக்குள் அது வந்துவிட வேண்டும் என்ற கணக்கும் அவர் சொன்னதே. இரண்டு மணி நேரப் படத்துக்கு அந்தக் கணக்கு உதவும். எல்லாக் கதைக்கும் அதைச் சட்டமாக்குவது தவறு. காரணத்தைச் சிலப்பதிகாரத்தை வைத்துச் சொல்கிறேன்.

அதற்கு முன் நம்முடைய பழைய நாடக இலக்கணம். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், அரங்கேற்று காதை உரையில் நாடகத்தின் சந்தி, அதாவது கதை வளரும் கட்டம், ஐந்தைச் சொல்கிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். உ.வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தை இந்த உரையோடு பதிப்பித்தார். ஐந்து சந்தி என்ற பகுப்பு வடமொழி நாடக நூல்களிலும் உண்டு. ஆனால் இங்கே அது அப்படியே வயலில் நடக்கிறது. உழுது பண்படுத்திய மண்ணில் போட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று கருப்பொதிவது கருப்பம். கதிர் முற்றுவது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல்.

இதில் எனக்குப் பிடித்தது முதல் சந்திதான். உழவும் வித்தும் முளையும் ஒரே சந்திக்குள் இருக்கின்றன. பாத்திரங்களையும் இடத்தையும் அறிமுகப்படுத்துவது உழவு என்றால், அது தனியே ஒரு பகுதியாக நிற்பதில்லை, முளைக்கு ஏற்பாடாக மட்டுமே இருக்கிறது. இருபது பக்கம் ஊர் வர்ணனை எழுதிவிட்டு 'இனிமேல்தான் கதை' என்று சொல்பவர்களுக்கு இந்த இலக்கணம் நல்ல ஆசான். ஃப்ரைடாக்கின் கூம்பும் இதுவும் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது. அவர் துன்பியல் நாடகத்தை முன்வைத்துப் பேசினார், கடைசிப் பகுதி பேரழிவு. இங்கே கடைசிப் பகுதி சாப்பாடு, மகிழ்ச்சி. கதை கேட்பவருக்கு இறுதியில் என்ன கிடைக்க வேண்டும் என்பதிலேயே இரண்டும் வேறுபடுகின்றன.

அப்படியானால் 'வித்து' என்றே வைத்துக்கொள்ளலாமே? யோசிக்கத்தக்க சொல்தான். ஆனால் இன்றைய பேச்சில் 'கதையின் வித்து' என்றால் எழுத்தாளர் மனத்தில் முதலில் தோன்றிய எண்ணம் என்று ஆகிவிட்டது. சினிமாக்காரர்கள் ஒரு வரிக் கதைக்கருவை 'நாட்' என்கிறார்களே, அதற்குப் பக்கத்தில் போய்விட்டது.

'முடிச்சு' பொருந்தாததற்கு அரிஸ்டாட்டிலே சாட்சி. நாடகத்தைக் கட்டுதல், அவிழ்த்தல் என்று இரண்டாகப் பிரித்தவர் அவர். கட்டுதல் என்பது தொடக்கத்திலிருந்து நிலைமை மாறும் இடம்வரை நீள்வது. அதாவது முடிச்சு ஒரு நீளமான பகுதி, ஒரு நிகழ்வல்ல. தமிழிலும் 'கதை முடிச்சு' என்றால் சிக்கல் முழுவதையும் குறிக்கிறது, சில சமயம் கடைசியில் வரும் மர்மத்தைக் குறிக்கிறது. 'திருப்புமுனை'யோ போய்க்கொண்டிருக்கும் கதை திசை மாறும் இடம். கிளம்பாத வண்டி எப்படித் திரும்பும்? ஒரு கதையில் திருப்புமுனைகள் பல இருக்கலாம். 'தொடக்கச் சம்பவம்' என்றால் முதலில் நடந்தது என்றுதான் பொருள். தூண்டலே அதில் இல்லை.

'தூண்டு' என்ற வினை நமக்கு நன்றாகப் பழகியது. விளக்குத் திரியைத் தூண்டுகிறோம், தூண்டுகோல் வைத்திருக்கிறோம், தூண்ட வேண்டாத விளக்குக்குத் தூண்டாமணிவிளக்கு என்று பெயரும் வைத்திருக்கிறோம். எண்ணெயும் திரியும் இருந்தால்தான் தூண்டிப் பயன். மந்தரை மனத்தில் மண்ணுண்டை முன்பே கிடந்தது போல, பாத்திரத்துக்குள் ஏற்கெனவே ஏதோ இருக்க வேண்டும் என்ற குறிப்பும் இந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. 'தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்கு' என்று செய்தித்தாள்கள் எழுதும்போது 'இன்சைட்' என்பதன் பொருளில்தான் இதே வினை வருகிறது. 'தூண்டல் நிகழ்வு' என்று எழுதுபவர்களும் உண்டு. பள்ளிக்கூட இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் படித்தவர்களுக்கு அது ஆய்வுக்கூட வாடை அடிக்கும். 'தூண்டு நிகழ்வு' வினைத்தொகை. தூண்டிய, தூண்டுகின்ற, தூண்டும் என மூன்று காலத்துக்கும் பொருந்தும். 'சம்பவம்' என்ற சொல்லை விட்டதற்கும் காரணம் இருக்கிறது. இன்றைய இளைஞர்கள் பேச்சில் 'சம்பவம் பண்ணிட்டான்' என்றால் யாரையோ போட்டுப் புரட்டிவிட்டான் என்று அர்த்தம். காசியஸ் புரூட்டஸிடம் பேசுவது போன்ற மெல்லிய நிகழ்வுக்கு அது ஒத்துவராது.

எவ்வளவு மெல்லியதாகவும் இருக்கலாம் என்பதற்குப் புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' இருக்கிறது. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் நின்று கந்தசாமிப் பிள்ளை டிராமுக்கும் வெற்றிலை பாக்குக்கும் காசுக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒருவர் வந்து திருவல்லிக்கேணிக்கு எப்படிப் போவது என்று வழி கேட்கிறார். கேட்டவர் கடவுள். வழி கேட்டதுதான் தூண்டு நிகழ்வு, அதற்கு மேல் ஒரு சத்தமும் இல்லை.

இப்போது சிலம்பு. அரசன் மாதவிக்குக் கொடுத்த மாலையை, ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலை சொல்லி, நகரத்துச் செல்வ இளைஞர்கள் நடமாடும் தெருவில் கூனி ஒருத்தி விற்க நிற்கிறாள். (கம்பரிலும் கூனி, மாலை, இங்கேயும் கூனி, மாலை.) கோவலன் வாங்குகிறான். கூனியோடு மாதவி வீட்டுக்குப் போகிறான், "விடுதல் அறியா விருப்பினன் ஆயினன்," தன் வீட்டை மறக்கிறான். முப்பது காதைகளில் இது மூன்றாவது. மெக்கீயின் கணக்குக்குள் கச்சிதமாக அடங்குகிறது. பொருள் தொலைவதும், மதுரைப் பயணமும், சிலம்பு விற்கப் போவதும், கொலையும் இந்த ஒரு கொள்முதலிலிருந்து கிளைத்தவைதான்.

ஆனால் இது கண்ணகியின் கதை என்று வைத்துப் பாருங்கள். மாலை விற்ற அன்று அவளுக்கு வருத்தம் வந்தது, அவள் எதுவும் செய்யக் கிளம்பவில்லை. கோவலன் திரும்பி வந்து வறுமையைச் சொன்னபோதுகூட "சிலம்புள கொண்ம்" என்று முறுவலோடு கொடுத்தவள் அவள். அவளை எழுப்பியது ஆயர் சேரியில் வந்து சேர்ந்த கொலைச் செய்தி. அந்த இடத்தில் அவள் சூரியனைப் பார்த்துக் கேட்கிறாள், "காய்கதிர்ச் செல்வனே கள்வனோ என் கணவன்?" கதையின் கேள்வியை முதன்மைப் பாத்திரமே வாய்விட்டுக் கேட்கும் இப்படி ஒரு வரி எங்கும் எளிதில் கிடைக்காது. விடை வழக்குரை காதையில், அரசன் அவையில் சிலம்பு உடையும்போது. இந்தச் செய்தி வருவது பதினெட்டாம் காதையான துன்பமாலையில். பாதிக் காப்பியம் தாண்டிவிட்டது, இருந்தும் பிந்தி வந்ததாக யாருக்கும் தோன்றுவதில்லை.

அதனால் இந்தச் சொல்லை எழுதும்போது நான்காம் வேற்றுமையோடு சேர்த்தே எழுதுவது நல்லது. 'சிலப்பதிகாரத்தின் தூண்டு நிகழ்வு' என்று நிறுத்தினால் சண்டைதான் மிஞ்சும். 'கோவலனுக்குத் தூண்டு நிகழ்வு மாலை, கண்ணகிக்குத் தூண்டு நிகழ்வு கொலைச் செய்தி' என்று எழுதினால் யார் கதையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.