சராசரி 7 நாள், ஆனால் 7 நாள் தங்கியவர் யாருமில்லை

மருத்துவமனைத் தரவுகளை அலசுவதுதான் என் தொழில். மேசைக்கு வரும் அறிக்கைகளில் பெரும்பாலும் இரண்டே எண்கள் இருக்கும்: சராசரி, பக்கத்திலேயே திட்ட விலக்கம் (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு). கணக்கில் பிழை இருக்காது, எக்செல் அதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த எண்கள் எப்படிப்பட்ட பரவலிலிருந்து வந்தன என்று படம் போட்டுப் பார்த்தவர்கள் அபூர்வம். அதைப் பார்க்காமல் எடுக்கும் முடிவு கடைசியில் நோயாளியின் தலையில்தான் வந்து விழுகிறது.

விளக்குவதற்காக நானே அமைத்த ஒரு சின்ன உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வார்டிலிருந்து வீடு திரும்பிய பத்துப் பேர் தங்கியிருந்த நாட்கள்: 2, 2, 3, 3, 3, 3, 4, 4, 5, 41. மொத்தம் 70, சராசரி 7 நாள். ஆனால் பத்தில் ஒன்பது பேர் 5 நாளுக்குள் கிளம்பிவிட்டார்கள். சரியாக 7 நாள் தங்கியவர் ஒருவர்கூட இல்லை. வரிசையின் நடுவில் வரும் மதிப்பான இடைநிலை அளவு 3, அதிகம் பேருக்கு வந்த மதிப்பான முகடும் 3. புதிதாகச் சேர்ந்தவரின் வீட்டார் “எத்தனை நாள் ஆகும் டாக்டர்?” என்று கேட்டால், “பெரும்பாலும் மூன்று நான்கு நாள்” என்பதுதான் நேர்மையான பதில்.

உடனே ‘சராசரி ஏமாற்றும்’ என்று சொல்லிக் கடந்துபோவது பலருக்குப் பிடித்த பேச்சு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எத்தனை படுக்கைகள் வேண்டும் என்று திட்டமிடுபவருக்குத் தேவை அந்த 7 தான். பத்துப் பேரும் சேர்ந்து 70 நாட்களுக்குப் படுக்கையைப் பிடித்திருக்கிறார்கள், அதில் 41 நாள் ஒரே ஆளுடையது. இடைநிலை அளவான 3-ஐ வைத்துத் திட்டம் போட்டால் 30 நாள்தான் கணக்கில் வரும், பாதிக்கு மேல் துண்டு விழும். அந்த 41-ஐ ‘விதிவிலக்கு’ என்று சொல்லி வரிசையிலிருந்து நீக்கிவிடுவதும் இதே தவறுதான். தங்கும் நாட்கள் பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாது, மேலேயோ தடுப்பு எதுவும் இல்லை. அதனால் இந்தப் பரவலுக்கு வலப்பக்கம் நீண்ட வால் இருப்பது இயல்பு. அடுத்த மாதமும் அந்த வாலில் யாராவது ஒருவர் இருப்பார்.

பாடப்புத்தகத்தில் சராசரி ஒரு பாடம், நிகழ்தகவுப் பரவல் எங்கோ தள்ளி வேறொரு பாடம். அதனாலேயே இரண்டுக்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பரவல் என்பது எந்த மதிப்பு எவ்வளவு வாய்ப்போடு வரும் என்ற முழு விவரம். ஒவ்வொரு மதிப்பையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் எதிர்பார்ப்பு மதிப்பு கிடைக்கும். நம் கையிலிருக்கும் கூறின், அதாவது முழுத் தொகுதியிலிருந்து எடுத்த மாதிரியின் சராசரி அதற்கான ஒரு மதிப்பீடு. பரவலின் பரப்பைச் சரிபாதியாகப் பிரிக்கும் இடம் இடைநிலை அளவு, உச்சி இருக்கும் இடம் முகடு. அந்த எதிர்பார்ப்பு மதிப்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்தால் பரவற்படி, அதன் வர்க்கமூலம் திட்ட விலக்கம். எல்லாமே ஒரே படத்திலிருந்து எடுத்த சுருக்கங்கள்தான். படம் சமச்சீராக, ஒரே உச்சியோடு இருந்தால் முதல் மூன்றும் ஓரிடத்தில் வந்து நிற்கும். நம் பத்துப் பேர் விஷயத்தில் நிற்கவில்லை.

சரி, அவர்களுடைய திட்ட விலக்கத்தைப் பார்ப்போம். ஏறத்தாழ 12 நாள் வருகிறது. ‘சராசரிக்கு இருபுறமும் இரண்டு திட்ட விலக்கத்துக்குள் 95 சதவீதம் பேர்’ என்பது பலருக்கு மனப்பாடம். போட்டுப் பாருங்கள்: மைனஸ் 17 நாளிலிருந்து 31 நாள் வரை! மைனஸ் 17 நாள் தங்கியவரை எந்த மருத்துவமனையிலும் பார்க்க முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று திட்ட விலக்கத்துக்குள் முறையே 68, 95, 99.7 சதவீதம் என்ற அந்த மூன்று எண்களும் மணி வடிவில் சமச்சீராக இருக்கும் இயல்நிலைப் பரவலுக்குச் சொந்தமானவை. எந்தப் பரவலுக்கும் பொருந்தும் உத்தரவாதம் வேண்டுமென்றால் செபிஷேவின் சமனின்மைதான் இருக்கிறது. அது இரண்டு திட்ட விலக்கத்துக்குள் குறைந்தது 75 சதவீதம் என்று மட்டுமே சொல்லும். நேர்க்குறி மதிப்பு மட்டுமே எடுக்கக்கூடிய ஓர் அளவுக்குத் திட்ட விலக்கம் சராசரியின் பாதியைத் தாண்டினால், அங்கே இயல்நிலைப் பரவல் பொருந்தாது என்று எடுத்துக்கொள்ளலாம். அறிக்கையைக் கையில் வாங்கியதும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பத்து விநாடிகூட ஆகாது.

இங்கே வழக்கமாக ஒரு மறுப்பு வரும்: “முப்பது பேருக்கு மேல் இருந்தால் இயல்நிலை ஆகிவிடும் அல்லவா?” ஆகாது. 1810-ல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் பொது வடிவில் முன்வைத்த மைய எல்லைத் தேற்றம் தரவைப் பற்றிப் பேசவில்லை, கூறின் சராசரியைப் பற்றிப் பேசுகிறது. ஆயிரம் நோயாளிகளைச் சேர்த்தாலும் தங்கும் நாட்களின் வால் அப்படியேதான் இருக்கும். ஆயிரம் ஆயிரம் பேராகப் பல கூறுகள் எடுத்து ஒவ்வொன்றுக்கும் சராசரி கண்டால், அந்தச் சராசரிகளின் பரவல்தான் மணி வடிவத்தை நெருங்கும். 30 என்பதும் வெறும் கைக்கணக்கு. வால் நீளமாக இருந்தால் அது போதாது. அந்தச் சராசரிகளின் அகலம்தான் திட்டப்பிழை. அதைப் பாதியாக்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும்.

எண்ணிக்கைகளுக்கு வருவோம். வார்டில் நோயாளிகள் தவறி விழுவது மாதத்துக்குச் சராசரி 4 என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதம் 7. உடனே கூட்டம் போட்டு, “செவிலியர்கள் கவனமாக இல்லை” என்று சுற்றறிக்கை அனுப்பிவிடுவார்கள். அரிதாக, ஒன்றையொன்று சாராமல் நடக்கும் நிகழ்வுகளின் எண்ணிக்கைக்குப் பொருத்தமானது பாய்சான் பரவல். அதன்படி சராசரி 4 இருக்கும் இடத்தில் 7 அல்லது அதற்கு மேல் வருவதற்கான நிகழ்தகவு சுமார் 11 சதவீதம். யாருடைய கவனமும் குறையாமலேயே, ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை இப்படி வரலாம். 10 வந்திருந்தால் கதை வேறு. பத்தும் அதற்கு மேலும் வரும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு.

இது எவ்வளவு பொருந்தும் என்று சந்தேகப்படுபவர்களுக்கு 1898-ல் புள்ளியியலாளர் போர்ட்கேவிச் வெளியிட்ட தரவு இருக்கிறது. பிரஷ்யப் படைப்பிரிவுகள் பத்தில், இருபது ஆண்டுகளில், குதிரை உதைத்து இறந்தவர்கள் 122 பேர். ஒரு படைப்பிரிவுக்கு ஆண்டுக்குச் சராசரி 0.61. பிரிவுக்கு ஆண்டுக்கு ஒன்றாக மொத்தம் 200 பதிவுகள்; அவற்றில் ஒரு மரணம்கூட இல்லாதவை 109. பாய்சான் கணக்கு சொல்வது 108.7.

பாய்சான் பரவலில் இன்னொரு வசதி உண்டு: சராசரியும் பரவற்படியும் சமம். விழுந்தவர்களின் மாத எண்ணிக்கையை இரண்டு வருடத்துக்கு எடுத்துப் பரவற்படி கண்டால், அது 4-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 10, 12 என்று வந்தால் விழுதல்கள் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானம் உடைகிறது. அவை கூட்டமாக வருகின்றன. அப்போது ஒரு மாதத்து எண்ணை வைத்துச் செவிலியர்களைத் திட்டிப் பயனில்லை. ஈரமான குளியலறைத் தரையா, புதிதாகக் கொடுக்க ஆரம்பித்த தூக்க மருந்தா, இரவுப் பணியில் ஆள் குறைந்த வாரமா என்று தேதி வாரியாகத் தேட வேண்டும்.