சோழியைச் சிப்பி ஆக்காதீர்கள்

"வங்காளத்தில் சிப்பிகள் பணமாகப் புழங்கின." மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் இந்த வரியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. இப்போது ஆங்கிலத்து cowrie shell-ஐப் பெயர்த்து இன்னொன்றும் கிளம்பியிருக்கிறது, "கௌரி சிப்பி" என்று. மதுரைப் பக்கம் கௌரி என்றால் அம்பாள். ஏதோ நோன்புக்கு வைக்கிற பூஜைச் சாமான் என்றுதான் படிக்கிறவர்கள் நினைப்பார்கள். பல்லாங்குழி ஆடிய எந்த அப்பத்தாவிடம் காட்டினாலும் "சோழிடா இது" என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல் ஏன் இவர்கள் கைக்கு வரமாட்டேன் என்கிறது?

சொல்லின் பூர்வீகம் சுருக்கமாக: வடமொழியில் கபர்திகா, இந்தியில் கவ்டி, அது ஆங்கிலத்துக்குப் போய் கௌரி ஆனது. மலையாளத்தில் கவடி, கன்னடத்தில் கவடெ. நம் அகராதியிலும் கவடி உண்டு. புழக்கத்தில் இருப்பது சோழி. சித்த மருத்துவத்தில் பலகறை, பலகறை பற்பம் இதிலிருந்துதான் செய்கிறார்கள். நாட்டுமருந்துக் கடையில் பலகறை என்று கேளுங்கள், சோழியைத்தான் எடுத்துப் போடுவார்கள்.

சரி, சிப்பி என்றால் என்ன தப்பு? சிப்பிக்கு இரண்டு ஓடு, ஒரு ஓரத்தில் சேர்ந்து திறந்து மூடும். சுண்ணாம்புக்குச் சுடுகிற கிளிஞ்சலும் அப்படித்தான். சோழி ஒற்றை ஓடு, ஒரு சின்னக் கடல் நத்தையினுடையது, பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். குஞ்சாக இருக்கும்போது நத்தைச் சுருள் வெளியே தெரியும். வளர வளரக் கடைசிச் சுற்று பழைய சுற்றுகளை மூடிவிடும், வாய் ஒரு கீறலாகக் குறுகி இரண்டு விளிம்பிலும் பல் வரிசை வரும். உயிரோடு இருக்கையில் அதன் தசைமடிப்பு வெளியே வந்து ஓட்டைப் போர்த்திக்கொள்ளும். அந்தப் பளபளப்பு அதனால் வந்தது, யாரும் தேய்த்து ஏற்றியதில்லை. சோழியை உருட்டித் தாயம் ஆடுகிறவர்கள் எண்ணுவது எத்தனை மல்லாந்தது, எத்தனை குப்புற விழுந்தது என்பதைத்தான். முதுகும் வாயும் இவ்வளவு தெளிவாக வேறுபடுவதால்தான் அந்த ஆட்டமே நடக்கிறது.

பணக் கதையும் சிப்பி என்றால் விளங்காது. கடற்கரை மணலில் யாரும் பொறுக்குகிற பொருளை எவன் பணமாக வாங்குவான் என்று கேட்கத் தோன்றும். சோழி ஏறக்குறைய ஒரே அளவில் கிடைக்கும், லேசில் உடையாது, போலி செய்வது கடினம். மாலத்தீவிலிருந்து வங்காளத்துக்குப் போய் அரிசிக்கு மாறியதை 14ஆம் நூற்றாண்டிலேயே மொராக்கோ பயணி இபன் பதூதா எழுதி வைத்திருக்கிறார். பின்னால் ஐரோப்பியக் கப்பல்கள் இதை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அள்ளிக்கொண்டு போய் மனிதர்களை விலைக்கு வாங்கின. கானா நாட்டுப் பணத்தின் பெயரான "செடி" (cedi), சோழியைக் குறிக்கும் அக்கான் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. இவ்வளவு பாரமான வரலாற்றை எழுத உட்காருகிறவர் அந்தப் பொருளின் பெயரையாவது சரியாக எழுத வேண்டாமா?

அப்புறம் தூய தமிழ் என்ற பெயரில் "பணச்சிப்பி", "நாணய நத்தை" என்று செய்கிறவர்கள். 1758இல் உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் இந்த இனத்துக்கு மொனெட்டா என்று பெயர் வைத்தார், பணம் என்ற பொருளில். அதை அப்படியே பெயர்த்துவிட்டால் தமிழாகிவிடுமா? வீட்டில் புழங்குகிற சொல்லைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்வதில் எந்தத் தூய்மையும் இல்லை. எழுதுகிறவர் சோழியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் ஆங்கில அகராதியை மட்டும் பார்க்கிறார் என்பதுதான் தெரிகிறது.

ஓட்டைச் சொல்ல சோழி போதும். உள்ளே இருக்கும் உயிரைத் தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் சோழி நத்தை என்று எழுதலாம். இந்த வகை முழுவதுக்கும் சோழிக் குடும்பம். அதில் பெரிதாக, உடம்பெல்லாம் புள்ளியாக இருக்கும் இனத்தை ஆங்கிலத்தைப் பார்த்துப் புலிச்சோழி என்கிறார்கள். அதன் முதுகில் புலிக்கு இருப்பது போன்ற வரிகள் கிடையாது, புள்ளிச்சோழி என்றே எழுதலாம்.